முதலிடத்தில் கடைசியாக வந்தவர்

கணினிவழித் தேர்வின் நன்மைகளை மறுப்பார் இலர். தாள் செலவாவதில்லை, ஆதலால் மரங்கள் பிழைக்கின்றன. ஒவ்வொருவருக்கும் வினாக்கள் வெவ்வேறு வரிசையில் கலைத்துத் தரப்படுவதால், பக்கத்திலிருப்பவரை எட்டிப் பார்ப்பவர் கழுத்து வலியைத் தவிர வேறெதையும் பெறுவதில்லை. நேரம் முடிந்ததும் திரை தானே மூடிக்கொள்கிறது. "இன்னும் ஒரே ஒரு வரி, டீச்சர்" என்று அதனிடம் கெஞ்ச முடியாது. முடிவும் உடனுக்குடன் வந்துவிடுகிறது. இவ்வளவு சிறப்புடைய முறை நாடெங்கும் பரவிய பிறகு, சங்குமுனையின் தண்ணீர் மோட்டாரை மட்டும் விட்டுவைப்பது நியாயமாகாது என்று கடலோரக் குடிநீர்ப் பணியகம் கருதியதில் வியப்பொன்றுமில்லை.

சங்குமுனை, தேவிபட்டினத்துக்கு வடக்கே கடலை ஒட்டிய சிற்றூர். மூன்று பக்கமும் தண்ணீர். குடிக்க ஒரு வாய் கிடையாது. ஊருக்கு மேற்கே உள்ள ஆழ்துளைக் கிணற்றிலிருந்து மோட்டார் நீரை ஏற்றினால்தான் தொட்டி நிரம்பும். அம்மோட்டாருக்குப் பச்சைப் பொத்தான் ஒன்று, சிவப்புப் பொத்தான் ஒன்று. சுஐபு என்பவர் விடியற்காலை பஜ்ர் தொழுகை முடித்து வரும் வழியில் பச்சையை அழுத்துவார். தொட்டி வழிந்து பெண்கள் கூச்சலிட்டால் சிவப்பை அழுத்துவார். இவ்வாறு பல்லாண்டு பணியாற்றி அவர் ஓய்வுபெற்றதும், பணியகம் மோட்டார் அறையைப் பூட்டி முத்திரை வைத்தது. தகுதியுடைய இயக்குநர் கணினிவழித் தேர்வின் மூலம் தேர்ந்தெடுக்கப்படும் வரை பொத்தான்களை எவரும் தொடலாகாது. தொட்டால் தேர்வின் நம்பகத்தன்மை கெடும் என்று கதவில் அறிவிப்பு ஒட்டப்பட்டது. ஊரார் தள்ளுவண்டியில் குடங்களை ஏற்றிக்கொண்டு அடுத்த ஊருக்குத் தண்ணீருக்குப் போயினர். நம்பகத்தன்மை கெடவில்லை.

அந்தப் பணி அசாருதீனுக்குக் கிடைக்க வேண்டும் என்பது அவன் மனைவி சாலிஹாவின் தீர்மானம். அவன் சவுதியில் தம்மாம் நகரில் நெடுநாள் ஏ.சி. மெக்கானிக்காக இருந்துவிட்டு விடுப்பில் வந்திருந்தான். மகள் மின்ஹா வந்த புதிதில் அவனை 'அந்த மாமா' என்றுதான் அழைத்தாள். இப்போதுதான் 'வாப்பா' என்று வாய் நிறையக் கூப்பிடத் தொடங்கியிருந்தாள். அதற்குள் திரும்பிச் செல்ல விமானச் சீட்டு வந்துவிட்டது. ஊரில் ஒரு வேலை கிடைத்தால் சீட்டை ரத்து செய்துவிடலாம். கிடைக்காவிடில் மின்ஹாவுக்கு மீண்டும் போனில் தெரியும் முகந்தான்.

விண்ணப்பம் இணையவழியில் மட்டுமே ஏற்கப்பட்டது. ஊரில் பலர் முயன்றனர். புகைப்படம் பெரிது என்றது இணையதளம்; சுருக்கினால் சிறிது என்றது; சரியான அளவில் கொடுத்தபோது சர்வர் இல்லை என்றது. ஒவ்வொருவராக எழுந்து வீட்டுக்குப் போயினர். சாலிஹா மட்டும் இ-சேவை மையத்தின் நாற்காலியை விட்டு எழவில்லை.

"பூட்டணும், எந்திரிங்கக்கா" என்றாள் மையத்துப் பெண்.

"நீ பூட்டிட்டுப் போ. நான் உள்ளயே இருந்துக்கிறேன்."

சர்வரே சலித்துப்போய் விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டது. ஆக, மொத்த விண்ணப்பதாரர் ஒருவர்.

தேர்வு, இராமநாதபுரத்துக்கு வெளியே ஒரு கல்லூரியில் நடந்தது. தேர்வு நெறியாளர் யோகேஸ்வரன் கழுத்தில் அடையாள அட்டையும் முகத்தில் நடுநிலைமையும் அணிந்து வாயிலில் நின்றார். அசாருதீன் நிக்காஹ் அன்று உடுத்திய முழுக்கைச் சட்டையில் வந்திருந்தான். முழுக்கை விதிக்குப் புறம்பானது; ஆதலால் கத்தரிக்கோலால் அது அரைக்கை ஆக்கப்பட்டது. உள்ளே நூறு கணினிகள் ஒளிர்ந்துகொண்டிருந்தன.

"இவருக்கு எதுக்கு சார் நூறு கம்ப்யூட்டரு?" என்று சாலிஹா வாயிலுக்கு வெளியிலிருந்தே கேட்டாள்.

"தேர்வர் எந்த இருக்கையில் அமர்வார் என்பது குலுக்கல் முறையில் முடிவாகும், அம்மா. அது ரகசியம்."

"யாருக்கு ரகசியம்?"

"மற்ற தேர்வர்களுக்கு."

வினாத்தாளில் மோட்டாரைப் பற்றியும் ஒரு வினா இருந்தது: அதைக் கண்டுபிடித்தவர் யார்? ஏனைய வினாக்கள், சுரங்கப்பாதையில் நுழைந்த ரயில் எப்போது வெளியே வரும் என்பன போன்றவை. விடையளித்த வினாவின் எண் பச்சையாகவும், விடையளிக்காதது சிவப்பாகவும் திரையில் தெரிந்தன.

"பச்சையும் இருந்துச்சு, சேப்பும் இருந்துச்சு. மாத்தி மாத்தி அழுத்தித்தான் பாத்தேன்" என்றான் அசாருதீன் வெளியே வந்து. "தண்ணிதான் வரல."

முடிவு உடனே வந்தது. அசாருதீன் முதலிடம். சாலிஹா கைப்பையிலிருந்து பேரீச்சம்பழப் பொட்டலத்தை எடுத்து நெறியாளரிடம் நீட்டினாள். அவர் எடுத்துக்கொள்ளவில்லை.

"பொறுங்கள், அம்மா. இவர் கடைசியிடமும் பெற்றிருக்கிறார். தரத்தை நிலைநாட்டும் பொருட்டு, தரவரிசையில் இறுதியாக வருபவரை எக்காரணம் கொண்டும் பணியமர்த்தலாகாது என்பது விதி."

"ஒருத்தரு எழுதுன பரீட்சையில எப்படி சார் கடைசி வருவாரு?"

"ஒருவர் எழுதிய தேர்வில் முதலாவதாக வந்தார் என்பதை ஏற்றுக்கொள்கிறீர்களா?"

"ஆமா."

"அப்படியானால் இதையும் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். நல்லதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை எங்கள் தலையில் கட்டுவது முறையா?"

சாலிஹா பேரீச்சம்பழப் பொட்டலத்தைக் கைப்பைக்குள் திரும்ப வைத்துக்கொண்டாள்.

யோகேஸ்வரன் இரக்கமற்றவர் அல்லர். மறுதேர்வு வைக்க இசைந்தார். ஆனால் அசாருதீனுக்குப் பின்னால் வருவதற்கு இன்னொருவர் வேண்டும். "தோற்பதற்கு ஓர் ஆளை அழைத்து வாருங்கள். விண்ணப்பத்தை நானே ஏற்றிவிடுகிறேன்" என்றார்.

சங்குமுனையில் தோற்பதற்கு ஆள் தேடுவது கடலில் நன்னீர் தேடுவதைவிடக் கடினமாயிற்று. குடத்தைச் சுமந்து சுமந்து இடுப்பொடிந்தவர்கள்கூட, "வேற என்ன வேணாலும் கேளு, சாலிஹா" என்று நழுவினர். கடைசியில் அவள் அசாருதீனை இழுத்துக்கொண்டு, அவனை 'மாப்ளே' என்று முறை சொல்லி அழைக்கும் பேருந்து நிறுத்தத்து டீக்கடைப் பொன்னுச்சாமியிடம் போய் நின்றாள்.

"அண்ணே, ஒரே ஒரு தடவை தோத்துக் குடுங்கண்ணே. ஒங்க மாப்ளே ஊரோட இருந்துருவாரு."

"அதுக்கில்ல தாயி. ரிசல்ட்டை இன்டர்நெட்டுல போடுவாகளாம்ல. ஆர்.எஸ்.மங்கலத்துல சம்பந்தி வீடு இருக்கு. அங்கன பாத்தாக, நாளைக்கு எம் மகளை என்ன சொல்லுவாக?"

"ரெண்டாவதா வந்தாருன்னு சொல்லுவாக. ரெண்டாவதுன்னா கேவலமா?"

பொன்னுச்சாமி யோசித்தார். ரெண்டாவது என்று கேட்கும்போது அவ்வளவு மோசமாக இல்லை. "ஏலே மாப்ளே, ஒனக்காகத்தான்டா" என்று அசாருதீன் முதுகில் ஓர் அடி வைத்து ஒப்புக்கொண்டார்.

ஒப்புக்கொண்டவர் அத்தோடு நில்லாமல், செய்வதைத் திருத்தமாகச் செய்ய வேண்டும் என்று இராமநாதபுரத்தில் முனீஸ்வரன் நடத்தும் பயிற்சி அகாடமியில் சேர்ந்தார். இந்நாளில் எத்தேர்வுக்கும் பயிற்சியின்றிப் போவது, செருப்பின்றி வெயிலில் போவதற்குச் சமானம் என்றே மக்கள் கருதுகின்றனர். முனீஸ்வரன் அவருக்கென்றே புதிய பாடத்திட்டம் வகுத்தார்.

"எதுக்கு சார் பாடம்? ஒண்ணுமே எழுதாம உக்காந்துட்டு வந்துர்றேனே."

"வரவே இல்லைன்னு போட்டுருவாங்கண்ணே. அப்புறம் அசாருதீன் மறுபடியும் தனி ஆளு. எல்லாத்துக்கும் பதில் போடணும், எல்லாமே தப்பா இருக்கணும். குருட்டுத்தனமா அழுத்துனீங்கன்னா நாலுக்கு ஒண்ணு சரியாப் போயிரும்."

"அப்ப என்ன செய்யறது?"

"சரியான பதில் எதுன்னு தெரிஞ்சாத்தான தப்பாம அதைத் தவிர்க்க முடியும்? படிங்க."

பொன்னுச்சாமி படித்தார். டீ ஆற்றிக்கொண்டே படித்தார். ரயில் சுரங்கத்திலிருந்து வெளிவரும் நேரத்தைக் கணக்கிட்டுக்கொண்டே சர்க்கரை போட்டதில், வாடிக்கையாளர் சிலருக்குச் சர்க்கரை நோய் வருமோ என்ற அச்சம் ஏற்பட்டது. தேர்வுக்கு முன்னரே, மாவட்டத்தில் அவரைப்போல் கற்றுத் தேர்ந்தவர் எவருமில்லை என்று முனீஸ்வரன் சான்றளித்தார்.

மறுதேர்வு முற்பகல், பிற்பகல் என இரண்டு ஷிப்டாக நடந்தது. இருவரும் ஒரே நேரத்தில் எழுதினால் கூட்டம் சேரும் என்று பணியகம் அஞ்சியது. முற்பகலில் அசாருதீன் எழுதினான்; பெரும்பாலான வினாக்களுக்குச் சரியாகவே விடையளித்தான். பிற்பகலில் வேறொரு வினாத்தாளைப் பொன்னுச்சாமி எழுதினார். ஒன்றுவிடாமல் தவறாக விடையளித்தார். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படும் என்பதால், பூஜ்யத்துக்கும் கீழே வெகுதூரம் சென்று வெற்றிக் களிப்புடன் வெளியே வந்தார்.

"முடிஞ்சுது தாயி. சீட்டைக் கேன்சல் பண்ணிரு."

சாலிஹா திரையைப் பார்த்தாள். பொன்னுச்சாமி, நூற்றுக்கு நூற்றேழு. முதலிடம். அசாருதீன், கடைசி.

"சார்! இது என்ன அநியாயம்? அண்ணன் அத்தனையும் தப்பாப் போட்டிருக்காரு!"

"போட்டிருக்கிறார்" என்று யோகேஸ்வரன் அமைதியாக ஒப்புக்கொண்டார். "ஆனால் மதிப்பெண் சமனாக்கம் என்று ஒன்று உண்டு, அம்மா. நார்மலைசேஷன் என்பார்கள். இரண்டு ஷிப்டுக்கும் இரண்டு வினாத்தாள். ஒன்று எளிதாகவும் மற்றொன்று கடினமாகவும் அமைந்துவிட்டால் ஒருவருக்கு அநீதி இழைத்ததாகாதா? எனவே கணினி ஒவ்வொரு ஷிப்டின் சராசரியையும் பார்க்கிறது. முற்பகலில் எழுதிய அத்தனை பேரும் நன்றாக எழுதியிருக்கிறார்கள்."

"அத்தனை பேரும்னா இவரு ஒருத்தருதான!"

"ஆகவே தாள் மிக எளிது. மதிப்பெண் குறைக்கப்பட்டது. பிற்பகலில் ஒருவர்கூட ஒரு விடைகூடச் சரியாக எழுதவில்லை. எவ்வளவு கொடுமையான தாளாக இருந்திருக்க வேண்டும்! அதையும் இறுதிவரை அமர்ந்து எழுதியிருக்கிறாரே, அவருடைய மன உறுதிக்குக் கணினி மதிப்பெண்ணை உயர்த்தியிருக்கிறது."

"நூத்துக்கு மேல எப்படி சார் போகும்?"

"திறமைக்கு எல்லை வகுக்கக் கணினிக்கு மனமில்லை, அம்மா."

பொன்னுச்சாமி வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிடத்தான் நினைத்தார். ஆனால் அவர் பேருந்தில் ஊர் திரும்புவதற்குள் நிறுத்தத்தில் பிளெக்ஸ் பேனர் எழும்பிவிட்டது. அதில் கறுப்புக் கண்ணாடி அணிந்து, பின்னணியில் சீறும் சிங்கத்துடன் அவர் நின்றார். சம்பந்தி வீட்டார் ஆர்.எஸ்.மங்கலத்திலிருந்து வேன் பிடித்து மாலையோடு வந்திருந்தனர்.

"என்னண்ணே இது?" என்றாள் சாலிஹா.

"நான் என்ன தாயி செய்ய? வேணாம்னு சொன்னா சிங்கத்தை எங்க கொண்டுபோய் வைக்க?"

முத்திரை உடைக்கப்பட்டது. பொன்னுச்சாமி மோட்டார் அறைக்குள் நுழைந்து, சற்று நேரம் நின்று, அசாருதீனுக்குப் போன் செய்தார்: "மாப்ளே, எதை மொதல்ல அழுத்தணும்?" அன்று மாலை குழாய்களில் தண்ணீர் வந்தது. பெண்கள் தள்ளுவண்டியை ஓரங்கட்டிவிட்டுக் குலவையிட்டனர். முறை எப்படியோ, முடிவு நல்லது என்று ஊர் மகிழ்ந்தது.

சாலிஹா மகிழவில்லை. விமானத்துக்கு நாள் நெருங்கிவிட்டது. சமனாக்கத்தின்மீது ஆட்சேபணை உள்ளவர்கள் இணையதளத்தில் தெரிவிக்கலாம் என்று பணியகம் அறிவித்திருந்தது. அவள் மின்ஹாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு இ-சேவை மையத்துக்குச் சென்று, நாற்காலியில் சப்பணமிட்டு அமர்ந்தாள். அவளைப் பார்த்ததும் சர்வர் உடனே வேலை செய்தது. நியாயமான சினத்தில் எழுந்த கேள்விகள் அனைத்தையும் ஒன்றுவிடாமல் தட்டச்சு செய்வித்தாள். பொதுமக்கள் நெடுங்காலமாகக் கேட்க நினைத்துக் கேளாமல் விட்டவை யாவும் அதில் இருந்தன. அனுப்ப வேண்டியதுதான் மிச்சம். அப்போது அவள் போன் ஒலித்தது. மறுமுனையில் முனீஸ்வரன்.

"அக்கா, அசாருதீன் சாரு பொறப்பட்டுட்டாரா?"

"வெள்ளிக்கிழமை பொறப்படுறாரு. ஏன்?"

"விட்டுறாதீங்க! தப்பாவே எழுதிப் பொன்னுச்சாமி அண்ணன் முதலிடம் வந்ததுலருந்து அகாடமி வாசல்ல நிக்க எடமில்ல. எல்லாருக்கும் கடைசியா வரணுமாம். அதைச் சொல்லிக் குடுக்க அனுபவம் உள்ள வாத்தியாரு வேணும்ல? எழுதுன ரெண்டு பரீட்சையிலயும் கடைசியா வந்தவரு நம்ம மாவட்டத்துலயே அவரு ஒருத்தருதான். நல்ல சம்பளம். காலையில பஸ்ஸுல வந்தாருன்னா சாயங்காலம் வீட்டுல இருக்கலாம்."

சாலிஹா மின்ஹாவைப் பார்த்தாள். திரையில் தன் கேள்விகளைப் பார்த்தாள்.

"எல்லாம் இப்ப இருக்கிற மாதிரியே இருந்தாத்தான ஆளு சேருவாக?" என்று போனில் மெல்லக் கேட்டாள். "இந்த நார்மலைசேஷனை எடுத்துட்டாகன்னா?"

"அப்புறம் அகாடமி எதுக்குக்கா?"

மையத்துப் பெண், "அனுப்பிறவாக்கா?" என்று விசையின்மேல் விரலை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அழிச்சிரு. ஆமா, அந்த விமான டிக்கெட்டைக் கேன்சல் பண்ணணும், அதுக்கு எங்க அழுத்தணும்?"

வெளியே காத்திருந்த ஊராரிடம், "சர்வர் வேலை செய்யல" என்று சொல்லிவிட்டு, மின்ஹாவை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். ஊரார் யாரும் துருவிக் கேட்கவில்லை. அவர்களும் ஆட்சேபிக்கத்தான் வந்திருந்தனர். ஆனால் வந்த வழியில் அவரவர் பிள்ளைகளுக்கு முனீஸ்வரனிடம் முன்பணம் கட்டியிருந்தனர்.

கெடு முடிந்ததும் யோகேஸ்வரன் அறிவித்தார்: ஆட்சேபணை ஒன்றும் வராமையால், மதிப்பெண் சமனாக்கம் பொதுமக்களின் முழு ஒப்புதலைப் பெற்ற குறையற்ற முறை என்று இதனால் உறுதி செய்யப்படுகிறது. அதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. உடனே பேனாவை எடுத்துப் பணியகத்துக்கு ஒரு கண்டனக் கடிதம் எழுதி முடித்திருக்கிறேன். என் பேத்திக்கு அகாடமியில் இடம் உறுதியானதும் அஞ்சலில் சேர்ப்பேன்.