சம்பந்தி வீட்டு மாடிப்படி

மாடிப்படித் திருப்பத்தில் இருந்த தூணின் மரக் குமிழ், வாத்தியாரின் கையோடு வந்துவிட்டது.

அவர் இழுக்கவும் இல்லை, திருகவும் இல்லை. காலையில் முகம் கழுவிவிட்டுக் கீழே இறங்கும்போது எல்லாரையும் போல அதன்மேல் கையை வைத்தார், அவ்வளவுதான். தேங்காய்ப் பருமனில் ஒரு குமிழை ஏந்திக்கொண்டு அப்படியே நின்றவரை, பின்னால் வந்த மனைவி பார்த்துவிட்டாள்.

"என்னங்க அது கையில?"

"குமிழ்."

"யாரு குடுத்தா?"

"யாரும் குடுக்கல. அதுவா வந்துச்சு."

"வந்து முழுசா ரெண்டு நாள் ஆகல, அதுக்குள்ள கைவரிசையக் காட்டிட்டீங்களா? பொண்ணக் குடுத்த வீடுங்க இது!"

வாத்தியார் என்றதும் கணக்கு, பூகோளம் என்று நினைத்துவிட வேண்டாம். தொழிற்பயிற்சிப் பள்ளியில் முப்பத்தொரு வருடம் தச்சு வேலை சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். மாணவன் ஒருவன் நல்ல தேக்குப் பலகையைக் குறுக்கே பிளந்துவிட்டான் என்பதற்காக அன்று மத்தியானம் சாப்பிடாமல் இருந்த மனுஷர். பெண்ணுக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம் கழித்து, மாப்பிள்ளையின் நாட்டைப் பார்க்க முதல் தடவையாகக் கடல் தாண்டி வந்திருந்தார்.

கையகல நாடு. விமானத்திலிருந்து பார்த்தால் முழுக்கக் காடு, அதன் ஓரத்தில் ஒட்டுப் போட்டதுபோல ஓர் ஊர். தெருப் பலகைகள் நான்கு மொழியில் இருந்தன. சம்பந்தி தமிழ் பேசுவார், அவர் மனைவிக்கு வேறு மொழி, மாப்பிள்ளைக்கு எல்லாமும் வரும். சம்பந்தியம்மாளும் வாத்தியாரின் மனைவியும் இரண்டு நாளாகச் சிரித்தே சமாளித்துக்கொண்டிருந்தார்கள்.

வீடோ நூற்றுப்பத்து வருடத்து மரவீடு. வாசல் கதவில் 'பாரம்பரியக் கட்டடம்' என்று நான்கு மொழியிலும் பொறித்த பித்தளைப் பலகை. அந்தப் பலகை இருக்கும்வரை அனுமதி இல்லாமல் சுவரில் ஒரு காலண்டர்கூட மாட்டக் கூடாதாம். கூரை ஏழெட்டு இடத்தில் ஒழுகியது. மகளும் மாப்பிள்ளையும் வாளிகளுக்கு இடம் விட்டுக் கட்டிலை நகர்த்தி நகர்த்திப் படுத்தார்கள். மழைக்காட்டு நாடாயிற்றே, அதுவும் ஒரு பாரம்பரியம் போலிருக்கிறது என்று வாத்தியார் எடுத்துக்கொண்டார்.

குமிழைத் துண்டுக்குள் மறைப்பதற்குள் சம்பந்தி வந்துவிட்டார்.

"சம்பந்தி, மன்னிக்கணும். சும்மா கைய வச்சேன்..."

சம்பந்தி குமிழைப் பார்த்தார். ஒரு கணம் அவர் முகம் மலர்ந்ததுபோல இருந்தது. பிறகு, "அதனால என்ன, விடுங்க. நீங்க ஊர் பாக்க வந்தவங்க. அப்படி ஓரமா வச்சிடுங்க" என்றார்.

எப்பேர்ப்பட்ட மனுஷன்! வாத்தியாருக்கு அழுகையே வரும்போல் ஆகிவிட்டது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

"இன்னிக்கு நாலு மணிக்குப் பாரம்பரியத் துறையிலேர்ந்து அதிகாரியம்மா வர்றாங்க" என்றார் சம்பந்தி, வாசலைப் பார்த்தபடி. "வீடு தேறாதுன்னு எழுதிட்டா பலகையக் கழட்டிட்டுப் போயிடுவாங்க. எல்லாம் அவங்க கையிலதான் இருக்கு."

பெருமூச்சு ஒன்று விட்டுவிட்டுப் போனார். அந்தப் பெருமூச்சு வாத்தியாரின் நெஞ்சில் உளி மாதிரி இறங்கியது.

மனைவி காதருகே வந்தாள். "கேட்டீங்களா? பலகை போச்சுன்னா ஆயுசுக்கும் நம்ம பொண்ணத்தான் சொல்லிக் காட்டுவாங்க. உங்கப்பா வந்தாரு, நூறு வருஷ மானத்தக் கையோட பிடுங்கிட்டுப் போனாருன்னு!"

அன்று எல்லாரும் காட்டுக்குப் போவதாக ஏற்பாடு. மரங்களின் உச்சியில் கயிற்றுப் பாலம் கட்டியிருக்கிறார்களாம். வாத்தியார் இந்தப் பயணத்துக்கு ஒத்துக்கொண்டதே அதற்காகத்தான். முப்பத்தொரு வருடம் பலகையாகவே பார்த்த மரத்தை ஒரு தடவையாவது நின்ற கோலத்தில் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை.

"எனக்கு வயிறு சரியில்ல. நீங்கல்லாம் போயிட்டு வாங்க" என்றார்.

மகள் அவர் முகத்தையே பார்த்தாள். "அப்பா, தனியா இருப்பீங்களா? எதையும் தொடாம சும்மா படுத்திருங்கப்பா. ப்ளீஸ்."

"படுத்துதான் இருப்பேன்" என்றார். பெற்ற மகளே தொடாதே என்கிறாள்.

வண்டி தெருமுனை திரும்பியதும் வாத்தியார் சட்டையைக் கழற்றினார். ஒரு குமிழ்தானே, பத்து நிமிட வேலை.

குமிழை வைத்துப் பார்த்தால் தூண் ஆடியது. தூணை நிமிர்த்தினால் அதன் அடியில் இருந்த படி தூக்கிக்கொண்டது. படியை அமுக்கினார். கைப்பிடிக் கட்டைகளில் மூன்று, இதற்காகவே காத்திருந்ததுபோல, ஒன்றன்பின் ஒன்றாகக் கீழே உருண்டன.

குனிந்து பார்த்தார். ஒரு கட்டையிலும் ஆணி இல்லை. ஆணி இருந்த இடமெல்லாம் வட்ட வட்டமாக ஓட்டை. ஜன்னலுக்குப் போனார், கீலிலும் இல்லை. மாடித் தளத்துப் பலகைகளைத் தட்டினார், அங்கேயும் இல்லை. வேறு வீடாக இருந்தால் அவருக்குச் சந்தேகம் வந்திருக்கும். பொண்ணைக் கொடுத்த வீட்டில் சந்தேகம் தன்மேல்தான் வரும்.

'தட்டித் தட்டி நாமதான் ஆட்டி விட்டுட்டோம்' என்று தலையில் கைவைத்துக்கொண்டார்.

தெருக்கோடி இரும்புக்கடைக்கு ஓடினார். கல்லாவில் ஓர் அம்மாள். வாத்தியார் ஆட்காட்டி விரலை நீட்டி, மறு கையால் அதன் தலையில் குத்திக் காட்டினார். அவள் கட்டுப்போடும் துணியை எடுத்து வைத்தாள். இல்லை என்று தலையாட்டிச் சுவரில் அடிப்பதுபோல் நடித்தார். அவள் பூச்சி மருந்தை எடுத்து வைத்தாள். கடைக்கு வந்த இன்னும் இரண்டு பேர் ஆளுக்கொரு மொழியில் உதவிக்கு வந்தார்கள். கடைசியில் காகிதம் வாங்கி, முப்பத்தொரு வருடம் கரும்பலகையில் வரைந்த அதே ஆணியை, தலை, தண்டு, கூர் என்று பிசகில்லாமல் வரைந்து நீட்டினார்.

"ஆணியா?" என்றாள் கல்லாக்காரி, சுத்தமான தமிழில். "வாயத் தொறந்து கேட்டிருக்கலாமே!"

ஆணி, சுத்தியல், பசை எல்லாவற்றோடும் திரும்பினார். படியை முடித்தார். ஜன்னலை முடித்தார். மாடித் தளத்தில் கால் வைத்ததும் பலகை ஒன்று எழும்பி, வலது கால் தொடைவரை உள்ளே போய்விட்டது. கால் கீழே சமையலறைக்குள் தொங்கியது, உடம்பு மாடியில் இருந்தது. அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது.

"என்னங்க, பாலம் ஊஞ்சல் மாதிரி ஆடுதுங்க!" மனைவியின் குரலில் அப்படி ஒரு குதூகலம். "மரமெல்லாம் அண்ணாந்து பாத்தா கழுத்து சுளுக்குது!"

"என்ன மரம்?"

"மரம்னா மரம்தான். அத விடுங்க, அங்க எப்படி இருக்கு?"

"ஒரு கால் மட்டும் வெளிய இருக்கு."

"எந்தக் கால்?"

"போன வை."

வைத்துவிட்டு, அந்த நிலையிலேயே சற்று நேரம் அழுதார். ஆசையாக வளர்த்த பெண். எட்டு நாள் விருந்தாளியாக வந்து அவள் குடியிருக்கும் வீட்டையே கழற்றிப் போட்டாயிற்று. இனி அவள் இந்த வீட்டில் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பாள்? அழுது முடித்ததும் காலை உருவிக்கொண்டு, அதே பலகையை முதலில் அடித்தார்.

அதற்குப் பிறகு அவர் மனுஷராக இல்லை. சாப்பிடவில்லை, உட்காரவில்லை. தளம், கீல், கதவு நிலை, கைப்பிடி என்று ஓட்டை கண்ட இடத்திலெல்லாம் ஆணி இறங்கியது. போதாக்குறைக்குக் கூரைமேல் ஏறி ஓடுகளையும் சரிசெய்தார். மூன்றரை மணிக்கு மழை கொட்டியது. ஒரு வாளியிலும் ஒரு சொட்டு விழவில்லை.

வண்டி வந்து நின்றது. சம்பந்தி உள்ளே நுழைந்து மாடிப்படியில் கால் வைத்தார். படி முனகவில்லை. கைப்பிடியை ஆட்டினார். அசையவில்லை. ஜன்னலைத் தள்ளினார், வெண்ணெய் மாதிரித் திறந்துகொண்டது. வறண்டு கிடந்த வாளிகளைப் பார்த்ததும் அவர் கண்கள் கலங்கிவிட்டன.

"சம்பந்தி..." என்றார். படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நமக்குள்ள நன்றியெல்லாம் எதுக்கு சம்பந்தி" என்றார் வாத்தியார்.

சம்பந்தியம்மாள் தன் மொழியில் ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தக் கதவும் கச்சிதமாகச் சாத்திக்கொண்டது. மகள் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, "அப்பா... படுத்திருக்கத்தானே சொன்னேன்" என்றாள். அப்பாவின் வயிற்றுவலியை நினைத்து உருகுகிறாள் என்று வாத்தியார் நினைத்துக்கொண்டார்.

நாலு மணிக்கு அதிகாரியம்மா வந்தார். கையில் அட்டையும் பென்சிலுமாக வீடு முழுக்க நடந்தார், குதித்துப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். வாத்தியார் பரீட்சை முடிவுக்கு நிற்கும் மாணவன்போல ஓரமாக நின்றார்.

"ஆச்சரியமா இருக்கு" என்றார் அதிகாரியம்மா தமிழில். "போன தடவை வந்தப்போ ஆடாத இடமே இல்ல. இன்னிக்கு, இனிமே தேறாது, இடிச்சுட்டுப் புதுசாக் கட்டிக்குங்கன்னு கையெழுத்துப் போடத்தான் வந்தேன். இப்ப பாத்தா நம்ம பட்டியல்லயே இதுதான் உறுதியான வீடு. இன்னும் முப்பது வருஷத்துக்குப் பலகைய யாரும் அசைக்க முடியாது."

"முப்பதா?" என்றார் சம்பந்தி.

"குறைஞ்சது முப்பது."

அதிகாரியம்மா பலகையைத் துடைத்துவிட்டு வண்டியேறினார். வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டார். காட்டைப் பார்க்காவிட்டால் என்ன, மகளின் மானம் நின்றது. மனைவிகூட முதல் தடவையாக அவரைக் கொஞ்சம் மரியாதையோடு பார்த்தாள்.

அப்போது வாசலில் ஓர் ஆள் வந்து நின்றார். அக்குளில் சுருட்டிய வரைபடம், காதில் பென்சில், சட்டையெல்லாம் சிமென்ட். புது வீடுகள் கட்டும் மேஸ்திரி. அதிகாரியம்மாவின் வண்டி போவதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தவர், பழக்கம்போல மாடிப்படிக் கைப்பிடியைப் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டினார். சிரிப்பு நின்றது. இன்னொரு தடவை ஆட்டினார். குனிந்து படியின் அடியில் எட்டிப் பார்த்தார். நிமிர்ந்து, சுத்தியலோடு நின்றுகொண்டிருந்த வாத்தியாரைப் பார்த்தார்.

"ஏன் சார், மூணு வருஷமா நானும் உங்க சம்பந்தியும் வெளிய தெரியாம ஒண்ணொண்ணாப் பிடுங்கின ஆணிய, ஒரே நாள்ல திருப்பி அடிச்சது நீங்கதானா?"