கைவிரிச்சார் ஓட்டிய ஏ.சி.

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவே ஓடிய அத்தனை வண்டிகளுக்கும் சாவுத் தேதி குறித்துக் கொடுத்த ஒரே மெக்கானிக் எங்கள் கைவிரிச்சார்தான். எந்த வண்டி வந்தாலும் பானெட்டைத் திறப்பார், பெருமூச்சு விடுவார், கிரீஸ் படிந்த கைகள் இரண்டையும் அகல விரிப்பார். "நம்ம கையில ஒண்ணும் இல்லீங்க." அதனால் வந்த பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைக் கேட்க யாருக்கும் தோன்றியதில்லை.

ஒரு முறை ரைஸ் மில் முதலாளியின் லாரி நின்றுபோனது. "இவ்வளவு நாள் ஓடுனதே பெருசு, வித்துடுங்க" என்று கையை விரித்துவிட்டார். முதலாளி புரோக்கருக்கு ஆள் அனுப்பியபோது, டீ குடிக்க வந்த வேறொரு டிரைவர் டேங்குக்குள் குச்சியை விட்டுப் பார்த்தார். டீசல் இல்லை! நம்மாளுக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை. "இன்னிக்கு டீசலோட போச்சு. நாளைக்கு எது போவுமோ" என்றார்.

ஆஸ்பத்திரி டாக்டரின் காரைப் பார்த்துவிட்டு, "ராத்திரி தாண்டுனாத்தான் எதுவும் சொல்ல முடியும் டாக்டர்" என்றவரும் இவரே. "யோவ், அது நான் சொல்ற வார்த்தைய்யா!" என்று டாக்டர் கத்தியது பஸ் ஸ்டாண்டு வரை கேட்டது.

இப்படிப்பட்டவரிடம் என் தங்கை மல்லிகாவின் கல்யாணத்தைக் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டிவந்தது என் தலையெழுத்து.

மல்லிகாவுக்கு ஏற்கனவே இரண்டு சம்பந்தம் தட்டிப்போயிருந்தது. மூன்றாவதாக அமைந்த மாப்பிள்ளை திருமானூர்க்காரர். அவருடைய அம்மா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். "என் மூத்தவனை ஏ.சி. கார்லதான் கூட்டிட்டுப் போனாங்க. இவனுக்கும் அது வேணும். இல்லேன்னா அரியலூர்லேர்ந்து அப்படியே பஸ் ஏறித் திரும்பிடுவோம்." சொன்னால் செய்கிற அம்மாள் என்று ஊரே சொன்னது.

திருச்சியிலிருந்து அப்படியொரு காரை வாடகைக்குப் பிடித்தேன். வைகாசி வெயில். மாப்பிள்ளை வீட்டார் அரியலூரில் உறவுக்காரர் வீட்டில் காத்திருக்கிறார்கள். நான் டிரைவரோடு அங்கே போய்ச் சேருவதற்குள், டேஷ்போர்டுக்கு அடியில் இருந்த ஏ.சி. பெட்டி வெந்நீர் அண்டாவைத் திறந்தாற்போல் சூடாக ஊத ஆரம்பித்தது.

"காலையில சில்லுனு இருந்துச்சு சார்" என்றார் டிரைவர். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? அரியலூர் எல்லையிலேயே இருந்த கைவிரிச்சார் கொட்டகைக்கு நேராக விட்டோம்.

அவர் பெல்ட்டை அழுத்திப் பார்த்தார். இறுக்கமாகத்தான் இருந்தது. கம்ப்ரசரும் சுற்றியது. இரண்டு குழாய்களையும் தொட்டார். "ஒண்ணு சுடணும், ஒண்ணு சில்லுன்னு இருக்கணும். ரெண்டும் ஒரே மாதிரி கெடக்குது." பிறகு சோப்பு நுரையைக் குழைத்து ஒவ்வொரு மூட்டிலும் தடவினார். ஓரிடத்தில் நுரை மெதுவாகக் கொப்புளம் விட்டது.

"கேஸு ஒழுகிப் போச்சு தம்பி. மூட்டை இறுக்கிடலாம், கேஸு அடைக்கத் திருச்சிக்குத்தான் போவணும்."

"நேரமில்லண்ணே. இப்பவே மாப்பிள்ளையை ஏத்தணும்."

கைகள் விரிந்தன. "சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிடுங்க."

யாருக்குச் சொல்வது? பெரம்பலூர் மண்டபத்தில் பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவளுக்கா? எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"யாருக்குக் கல்யாணம்?"

"தங்கச்சிக்குண்ணே."

அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். துக்கம் விசாரிக்கக்கூட ஆளில்லை என்று நின்றேன். திரும்பி வந்தபோது கேரியரில் சாக்கு சுற்றிய ஐஸ் பாளம். "இதுவும் உருகித்தான் போவும்" என்று ஆறுதல் சொல்லிவிட்டு, முன்சீட்டில் கால் வைக்கிற இடத்தில் மடங்கி உட்கார்ந்தார். பெட்டி காற்றை இழுக்கிற அடிப்பக்கத்தில் ஐஸைத் தூக்கிப் பிடித்தார். மேலே காற்று சிலுசிலுவென்று வந்தது.

உறவுக்காரர் வீட்டு வாசலில் சம்பந்தியம்மா ஏறியதும் கேட்டார், "யாரிது, கீழ குந்தியிருக்குறது?"

என் வாயில் சனி. "ஏ.சி. ஆபரேட்டருங்க. பெரிய ஏ.சி., ஆளு வச்சுத்தான் ஓட்டணும்."

அந்த அம்மாள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "மூத்தவனுக்கு வந்த கார்ல ஆபரேட்டரெல்லாம் இல்ல" என்று மாப்பிள்ளையை இடித்தார்.

ரோடு முழுக்கப் பள்ளம். ஒவ்வொரு பள்ளத்திலும் கீழேயிருந்து "முடிஞ்சுது" என்று ஒரு முனகல் வரும், என் உயிர் போய்த் திரும்பும். பாதி வழியில் சம்பந்தியம்மா காலைத் தூக்கினார். "என்னது, தண்ணி ஒழுகுது?"

"ஏ.சி.ன்னா அப்படித்தாங்க" என்றது கீழிருந்து வந்த குரல். "எல்லாம் கடைசியில தண்ணியாத்தான் போவும்."

மண்டபத்து மேளச் சத்தம் கேட்டபோது காற்று மறுபடி சுட ஆரம்பித்திருந்தது. அதற்குள் வாசலுக்கு வந்துவிட்டோம். "காலெல்லாம் விறைச்சுப் போச்சு" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டே சம்பந்தியம்மா இறங்கி ஆரத்திக்கு நின்றார்.

கைவிரிச்சாரைத் தூக்கித்தான் இறக்க வேண்டியிருந்தது. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"அண்ணே, இனிமே எல்லாம் நல்லபடியா நடந்துடுமா?" என்று கேட்டேன்.

வழக்கம்போல் இரண்டு கைகளையும் தூக்கினார். விரல்கள் ஐஸைப் பிடித்த வாக்கிலேயே வளைந்து விறைத்து நின்றன. திறக்கப் பார்த்தார், முடியவில்லை. அந்தக் கைகளை என் கைகளுக்குள் வைத்துத் தேய்த்துக்கொண்டே நின்றேன். ஊருக்கெல்லாம் கையை விரித்த மனிதருக்கு, என் தங்கச்சி கல்யாணத்தன்று மட்டும் கை விரியவில்லை.