எலுமிச்சம்பழமும் இரண்டாவது கிரகமும்

சும்மா உட்காரத் தெரியாத ஆளை வானியல் படிக்கவே விடக் கூடாது. ஏதோ ஒரு நட்சத்திரத்தை மாசக்கணக்கில் அளந்துகொண்டே இருக்க வேண்டும். அதன் வெளிச்சம் துளியூண்டு குறைந்து மறுபடி ஏறினால், ஒரு கிரகம் குறுக்கே போயிருக்கலாம் என்று அர்த்தம். எனக்கோ தோசை வேகிற வரைக்கும் நிற்கப் பொறுமை கிடையாது. (அம்மாவைக் கேளுங்கள், மாவு வாசனையோடு நான் தின்ற தோசைகளைப் பற்றிச் சொல்வார்.)

எம்.எஸ்ஸி. முடித்த கையோடு ஆராய்ச்சிப் படிப்புக்கு விண்ணப்பித்திருந்தேன். லேப்டாப்பில் வீடியோ நேர்காணல். இது கிடைக்காவிட்டால் பேசாமல் பி.எட். சேர வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். நானே ஒரு இடத்தில் உட்கார மாட்டேன், நான் போய்ப் பிள்ளைகளை உட்கார வைப்பதா?

கிரகம் கண்டுபிடிக்கிற விதத்தை நேர்காணலில் வாயால் சொன்னால் போதாது, செய்து காட்டிவிட வேண்டும் என்று துடித்தேன். கச்சிராயபாளையத்தில் எங்கள் வீட்டு மேசைமேல் ஒரு பழைய குண்டு பல்பு. அதுதான் நட்சத்திரம். எதிரே என் செல்போன் வெளிச்சத்தை அளந்து திரையில் கோடு போடும். கிரகம், குச்சியில் குத்திய எலுமிச்சம்பழம். அதைப் பல்புக்கு முன்னால் சீராக ஓட்டும் பொறுப்பு, மேசைக்கு அடியில் ஒளிந்திருந்த அம்மாவுக்கு. மிக்ஸி, டிவி எல்லாவற்றுக்கும் தடை போட்டேன். கரும்புக்குத் தண்ணீர் கட்டப் போன அப்பாவை மட்டும் மறந்துவிட்டேன்.

கல்வராயன் மலைப் பக்கம் மேகம் கட்டினாலே படுத்துவிடும் நெட், அன்றைக்குச் சமர்த்தாக இருந்தது. எலுமிச்சை போனது, கோடு இறங்கி ஏறியது. நேர்காணல் எடுத்த பேராசிரியர் அம்மையார் தலையாட்டினார். என் கால் ஆடிய ஆட்டத்தில் அம்மாவுக்கு நாலு உதையாவது விழுந்திருக்கும்.

அப்போது கோடு பொத்தென்று இறங்கி, அங்கேயே நின்றுவிட்டது. இது என்ன என்று பேராசிரியர் கேட்டார். ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிக்கிற ஆளா நான்?

"ரெண்டாவது கிரகம் மேடம். இது பெருசு."

மேசைக்கு அடியிலிருந்து அம்மா தலையை நீட்டினார். "இன்னாடி சொல்ற? என் கையில ஒரு பழந்தான இருக்குது."

அவரை நான் உள்ளே தள்ளுவதற்குள், சேற்றுக் காலோடு அப்பா நேராகக் கேமரா முன்னால் வந்து நின்றார்.

"லைட்டு ஏன் இப்டி அழுவுது? மோட்டார் போட்டுக்கினு வந்தேன், வோல்டேஜ் கம்மியாயிட்ச்சி போல. நிறுத்திடட்டா பாப்பா?"

பேராசிரியர் சிரிக்கவில்லை. மோட்டார் சத்தம் உங்களுக்குக் கேட்கவில்லையா என்று மட்டும் கேட்டார்.

"கேட்டுச்சு மேடம்."

"அப்புறம் ஏன் கிரகம்னு சொன்னீங்க?"

"கிரகமா இருந்தா நல்லா இருக்குமேன்னு..."

இப்போது சிரித்தார். நன்றாகவே சிரித்தார். சீட்டு மட்டும் தரவில்லை.

பி.எட். வகுப்பில் நெளிந்துகொண்டே படித்து முடித்து, மறுபடி விண்ணப்பித்து, வேறொரு இடத்தில் சேர்ந்தேன். (இந்த முறை எலுமிச்சம்பழம் இல்லை.) இப்போது நிஜ நட்சத்திரங்களோடுதான் பிழைப்பு. போன மாசம் ஒன்றின் வெளிச்சத்தில் அழகான பள்ளம் தெரிந்தது. சரிபார்க்கக்கூடப் பொறுக்காமல் வீட்டுக்குப் போன் போட்டுக் கத்தினேன்.

அப்பா நிதானமாகக் கேட்டார். "மோட்டார் போட்டது யாருன்னு பாத்தியா பாப்பா?"

முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. உட்கார்ந்து பார்த்தேன், வாரக்கணக்கில். பிறகு நானே கூப்பிட்டு, கிரகம் இல்லை, பக்கத்தில் மங்கிய வேறொரு நட்சத்திரம்தான் மோட்டார் போட்டது என்று ஒப்புக்கொண்டேன்.