ரேணுகாவின் சவுக்குத் தாளும் தாய்மாமன் அட்டையும்

மரியாதைக்குரிய ஊரப்பாக்கம் மச்சான் கோபாலகிருஷ்ணன் அவர்களுக்கு,

திருக்கழுக்குன்றத்திலிருந்து கண்ணாயிரம் வணக்கம் சொல்லி எழுதுவது. உங்கள் தங்கை பிரபாவின் முட்டிவலி தவிர இங்கே எல்லாம் சுகம். அங்கே அக்காவின் சர்க்கரை தவிர எல்லாம் சுகம் என்று நம்புகிறேன். போனில் பேசினால் கோபித்துக்கொண்டு பாதியில் வைத்துவிடுகிறீர்கள். கடிதமென்றால் கோபித்து எறிந்தாலும் மறுபடி எடுத்துப் படிக்கலாம்.

தன் கல்யாணப் பத்திரிகையைத் தானே செய்த காகிதத்தில்தான் அடிக்க வேண்டும் என்கிறாள் நம் பெண் ரேணுகா. சாமி படம் புடைத்துத் தெரியும் வழவழப்பு அட்டை இல்லாவிட்டால் தாய்மாமன் சீரோடு மண்டபத்தில் காலே வைக்க மாட்டேன் என்கிறீர்கள் நீங்கள். நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பவன் நான்.

கல்லூரியில் அவள் என்ன ஆராய்ச்சி செய்கிறாள் என்று நீங்கள் கேட்டதே இல்லை, கேளுங்கள். மரத்தில் நார்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பசைக்கு லிக்னின் என்று பேராம். அதைக் கழற்றினால்தான் நல்ல காகிதம். ஒரு முறை சவுக்கு லாரியோடு ஓர் ஆலைக்குப் போனேனே, அங்கே அதற்காகக் காஸ்டிக்கும் கந்தகமும் போட்டு வேகவைத்த அழுகல் முட்டை நாற்றம் என் சட்டையோடு வீடு வரை வந்தது. நம் பெண்ணோ தயிர்ப் புளிப்பில் இருக்கிற லாக்டிக் அமிலத்தையும், கோழித் தீவனத்தில் கலக்கிற கோலின் குளோரைடு என்ற வெள்ளைப் பொடியையும் சேர்த்துச் சூடாக்குகிறாள்; பொடி கரைந்து பாகாகிறது; அதில் நம் கொக்கிலமேட்டுத் தோப்புச் சவுக்குச் சில்லுகளைப் போட்டு வேகவைத்தால் பசை கழன்று பாகோடு போய்விடுகிறது, நார் நிற்கிறது. பாகில் தண்ணீர் ஊற்றினால் பசை பழுப்புப் பொடியாக அடியில் தங்குகிறது. தண்ணீரை ஆவியாக்கிவிட்டு அதே பாகில் அடுத்த ஈடு! வடை சுட்ட எண்ணெயைப் பத்திரப்படுத்தும் உங்கள் தங்கையே வாயைப் பிளந்தாள். வீட்டுக்கு வந்த அந்தப் பழுப்புப் பொடியைச் சீயக்காய் என்று நினைத்துத் தலைக்குத் தேய்த்துக் குளித்தவளும் அவள்தான். முடிக்கு ஒன்றும் ஆகவில்லை, பயப்படாதீர்கள்.

தாள்கள் வீட்டுக்கு வந்தன. நல்ல சந்தன நிறம். நீங்கள் பார்த்தால் பழைய சாக்கு என்பீர்களே என்று எனக்குத்தான் உதறல். அவள் கல்லூரிக்குப் போன நேரமாகப் பார்த்து, வெளுக்கட்டும் என்று எல்லாவற்றையும் சலவை சோடாத் தண்ணீரில் முக்கி உலர்த்தி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். சனிக்கிழமை கருங்குழியிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா வரலட்சுமி வந்தார். முதல் பத்திரிகையை மலைமேல் வேதகிரீஸ்வரர் பாதத்தில் வைக்க வேண்டுமல்லவா? ஒரு தாளில் எழுதி, அவர் கையாலேயே நான்கு மூலையிலும் மஞ்சள் தடவினார். தடவத் தடவ மூலையெல்லாம் ரத்தச் சிவப்பு.

"அய்ய, இன்னா இது? மஞ்சா வெச்சா செவந்துகினு வருது! இது நல்லதுக்கில்ல, நாங்க யோசிச்சுச் சொல்றோம்" என்று அந்த அம்மாள் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். பிரபா ஓவென்று அழ ஆரம்பித்தாள்.

ரேணுகா தாளை விரலால் தடவிப் பார்த்தாள். "நைனா, இதுல சோடா போட்டியா?"

"நானா? சேச்சே" என்றேன்.

"என் தாள்ல மஞ்சா மஞ்சாவாத்தான் நிக்கும். சோடா இருந்தாத்தான் செவக்கும். அத்த, ஒரு நிமிஷம் உக்காருங்க" என்றவள், எலுமிச்சம்பழத்தை அறுத்து மூலையில் ஒரு சொட்டுப் பிழிந்தாள். சிவப்பு ஓடிப் பழையபடி மஞ்சளானது! வரலட்சுமி அம்மாள் பையைக் கீழே வைத்தார். அப்புறம் அவரே சோடாவைத் தொட்டுச் சிவப்பாக்குவதும் எலுமிச்சை பிழிந்து மஞ்சளாக்குவதுமாக உட்கார்ந்துவிட்டார்; காபி ஆறிப் போனது. "எங்க வூட்டுப் பத்திரிகையும் இதுலயே அடிச்சிருங்க" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார்.

மச்சான், எனக்கு ஒரே பெருமை. காலமெல்லாம் சவுக்கை வெட்டி லாரியில் ஏற்றினேனே தவிர, அதற்குள் என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. என் பெண் யோசித்திருக்கிறாள். ஆகவே பத்திரிகை அவள் காகிதத்தில்தான். இதில் மாற்றமே இல்லை. நீங்கள் கோபித்தாலும் சரி.

வேதகிரீஸ்வரர் உங்களுக்குத் திடமான உடம்பும் என்மேல் கொஞ்சம் பொறுமையும் அருளட்டும். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள்.

அன்புள்ள,
கண்ணாயிரம்

பின்குறிப்பு: சோடா போக அலசி மாடியில் காயவைத்த தாள்கள் அத்தனையையும் பக்கத்து வீட்டு ஸ்டான்லியின் ஆடு படியேறி வந்து தின்றுவிட்டது. ரேணுகா அழுவாள் என்று பயந்தேன். "லிக்னின் போன நார் ஆட்டுக்கு நல்லா செரிக்கும் நைனா" என்று சொல்லிவிட்டு, எப்படிச் செரிக்கிறது என்று பார்க்க அதன் பின்னாலேயே போய்விட்டாள். எனவே மேலே எழுதியதை மறந்துவிட்டு உங்கள் வழவழப்பு அட்டையையே உடனே அச்சுக்குக் கொடுங்கள். அவள் கைப்பையில் ஒரே ஒரு தாள் தப்பியிருக்கிறது. மாப்பிள்ளை வீட்டில் கேட்டும் தரவில்லை. அதில் உங்கள் பெயரை எழுதி இப்போதுதான் மஞ்சள் வைத்துக்கொண்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறோம், வீட்டில் இருங்கள்.