தோற்க வந்த மாப்பிள்ளை

தனேஷ் இந்த ஆட்டத்தில் தோற்றே ஆக வேண்டும். ஆனால் ஆரம்பித்த கால் மணி நேரத்தில் பாதி ஜெயித்துவிட்டிருந்தான்.

பிரிக்பீல்ட்ஸ் பிளாட்டில், சாப்பாட்டு மேசையின் இந்தப் பக்கம் அவனுடைய லேப்டாப். அந்தப் பக்கம் கிரிகரி அங்கிளுடையது. செரீனாவின் அப்பா, ரயில்வேயில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். கிள்ளானிலிருந்து பெண் கேட்டு வந்தவனிடம், "பேச்செல்லாம் அப்புறம் தம்பி. முதல்ல ஒரு ஆட்டம் போடலாம்" என்றுவிட்டார். பழங்காலப் போரைக் கணினியில் நடத்தும் ஆட்டம்.

செரீனா வாசலிலேயே எச்சரித்திருந்தாள். "அப்பா தோத்தா மூணு நாளைக்குப் பேச மாட்டாரு. நீ தோத்துடு லா. ஆனா வேணும்னே தோக்கிற மாதிரி தெரியக்கூடாது."

அதனால்தான் தனேஷ் நீள ஈட்டிப்படையைத் தேர்ந்தெடுத்தான். ஆள் உயரத்துக்கு மூன்று மடங்கு ஈட்டி. நெருக்கமாக வரிசை கட்டி மெல்ல நகரும். சட்டென்று திரும்ப வராது. பக்கவாட்டில் நாலு குதிரை வந்து இடித்தால் கதை முடிந்தது. இரண்டு பக்கமும் காவல் இல்லாமல் திறந்து போட்டுவிட்டுக் காத்திருந்தான்.

கிரிகரியின் குதிரைப்படையில் பாதி, நேராக முன்பக்கம் வந்து ஈட்டிகளில் ஏறியது.

"நல்லா வச்சிருக்கீங்க" என்றார் கிரிகரி. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"சும்மா அதிர்ஷ்டம், அங்கிள்."

தனேஷ் மொத்தப் படையையும் திருப்பி, எதிரிக்கு முதுகைக் காட்டி நிறுத்தினான். இதைவிட வசதி யாரும் செய்து தர முடியாது.

மிச்சக் குதிரைகள் கிளம்பின. முதுகைத் தாண்டிப் போயின. ஆற்றோரமாகப் பெரிய வட்டம் போட்டன. முன்பக்கம் வந்து ஈட்டிகளில் ஏறின.

கிரிகரி பெருமூச்சு விட்டார். "ஏன் தம்பி திருப்பினீங்க?"

"அது ஒரு வியூகம், அங்கிள்."

கல்யாணம் கண்ணெதிரே குத்துப்பட்டுக் கிடந்தது. தனேஷ் படையைக் காட்டுக்குள் ஓட்டினான். மரங்களுக்கு நடுவே வரிசை கலைந்து, ஈட்டிகள் ஆளுக்கொரு திசையைப் பார்த்தன. இப்போது வாள்வீரர்கள் புகுந்தால் கீரை நறுக்குவதுபோல் நறுக்கிவிடலாம். கிரிகரியின் வாள்வீரர்கள் காட்டோரம் வரை வந்தார்கள். நின்றார்கள். திரும்பிப் போய்விட்டார்கள்.

ஒரே வழிதான் பாக்கி. தன் தளபதியைத் தனியாகக் கொண்டுபோய், கிரிகரியின் வில்லாளிகள் முன்னால் நிறுத்தினான். எதிரி எட்டும் தூரத்தில் நின்றால் வில்லாளிகள் உத்தரவுக்குக் காத்திருக்க மாட்டார்கள். கிரிகரி ஏதோ ஒரு பட்டனைப் படபடவென்று தட்டினார். அதற்குள் தளபதி சாய்ந்தார். தளபதி போனால் படை ஓடும். ஓடியது.

கிரிகரியின் லேப்டாப்பில் வெற்றி முரசு கொட்டியது.

"உங்களை ஜெயிக்க முடியுமா, அங்கிள்" என்றான் தனேஷ், நிம்மதியாக.

கிரிகரி லேப்டாப்பை மூடினார். ஒரு வார்த்தை பேசாமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

செரீனாவின் அம்மா செசிலியா, சமையலறையிலிருந்து தேநீரோடு வந்தார். சாத்திய கதவைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார்.

"வரப்போற மாப்பிள்ளைய ஜெயிக்க விடுங்கன்னு அவர்கிட்ட நான்தான் சொல்லி வச்சேன்" என்றார். "மனுஷன் எவ்வளவு பாடுபட்டுத் தோத்துக்கிட்டு இருந்தாரு, ஏன் தம்பி நீங்க விடல?"