துரை வண்டியில் கேட்ட சத்தத்தைக் குறித்து அத்தானுக்கு

மேரு ரோடு, கிள்ளான்.
18-6-1936, வியாழக்கிழமை.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வசிக்கும் பெருமதிப்பிற்குரிய அத்தான் தம்புசாமி அவர்கள் சமூகத்துக்கு, மைத்துனன் சபாபதி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் உயிரோடு இருக்கிறேன். வேலையிலும் சனிக்கிழமை வரைக்கும் இருக்கிறேன். தங்கள் சுகத்துக்கும், அக்காள் சுகத்துக்கும், போன மாதம் காது குத்திய குழந்தையின் காது சுகத்துக்கும் மறு தபாலில் எழுதக் கோருகிறேன்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை தாங்கள் லீவு நாளையும் பாராமல் ரயிலேறிக் கிள்ளானுக்கு வந்து, பஸ் பிடித்துத் தோட்டத்துக்கு வந்து, துரையின் மோட்டார் சைக்கிளைப் பிரித்துச் சாக்கின்மேல் பரப்பி வைத்ததைத் தோட்டமே கூடி நின்று பார்த்தது. கல்யாண வீட்டில் சீர் வரிசை பரப்பியதுபோல இருந்தது என்று எல்லாரும் சொன்னார்கள். பிறகு பூட்டினீர்கள். ஒரு நட்டு மிஞ்சியது. "இது கூடுதலா போட்டிருக்கான், வேண்டியதில்லே" என்று என் கையில் கொடுத்தீர்கள். வண்டியும் அது இல்லாமலே ஓடுகிறது. ஆனால், அத்தான், திங்கட்கிழமை காலையில் துரை பதினேழாம் நம்பர் மேட்டிலிருந்து இறங்கும்போது அதே சத்தம், அதே இடத்தில், கடகட கடகட என்று கேட்டது. நேரே நான் கிராணியாகக் கணக்கெழுதுகிற ஆபீசுக்கு வந்தார். அவர் தமிழ் தங்களுக்குத் தெரியும். "சபாபதி, நீ கிராணி. நீ சொல்லித்தான் உன் அத்தான் வந்தான். சனிக்கிழமை சத்தம் போகணும். சத்தம் போகலே, நீ போ" என்றார். தமிழில் அவருக்குத் திருத்தமாக வருகிற ஒரே சொல் இந்தப் 'போ'.

தங்களிடம் அன்றைக்குச் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து முதலிலிருந்து சொன்னால்தான் விஷயம் விளங்கும். இந்த ரப்பர்த் தோட்டத்தில் விடிவதற்கு முன்னே பால் வெட்டப் போகிற பெண்கள் கைக்குழந்தைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போக வேண்டும். பகல் வரைக்கும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது. மரம் பால் கொடுக்கிற நேரத்தில் மனுஷி பால் கொடுக்கக் கூடாது என்பது சட்டம். கொட்டகையில் ஓர் ஆயா, முப்பது குழந்தைகள். ஆகையால் சில பெண்கள் குழந்தையைத் துணியில் சுற்றிக் காட்டுக்கே எடுத்துப்போய் இரண்டு மரங்களுக்கு நடுவே ஏணை கட்டித் தூங்கவைத்துவிட்டு வெட்டினார்கள். அது துரை கண்ணில் பட்டது. ஏணைக் கயிறு உரசி மரத்தின் பட்டை தேய்கிறதாம். மரத்துக்கு நோகுமாம். மார்ச்சு மாதத்தில் லெட்சுமி என்கிற பெண்ணைக் கையும் களவுமாய்ப் பிடித்து, அன்றைக்கே சீட்டுக் கொடுத்துத் தோட்டத்தைவிட்டு அனுப்பினார். ஐந்து மாதக் குழந்தையோடு அவள் பூச்சோங் பக்கம் வேலை தேடிப் போனாள். அந்தச் சீட்டை எழுதியவன் நான். என் கையெழுத்து அழகாக இருக்கிறதென்று துரை மெச்சினார்.

பிடித்தது எப்படியென்றால், மோட்டார் சைக்கிள் எஞ்சின் ஒரு மைல் தூரத்திலேயே கேட்கும். கேட்டதும் பெண்கள் ஏணையை அவிழ்த்துவிடுவார்கள். அது துரைக்கு விளங்கிவிட்டது. அவர் மேட்டின் உச்சியில் எஞ்சினை நிறுத்திவிட்டு, இறக்கத்தில் வண்டியைச் சும்மா உருளவிட்டுப் பூனைபோல் வந்து இறங்க ஆரம்பித்தார். யுத்தத்தில் சண்டை போட்டவர் என்று சொல்கிறார்கள். எதிரி இல்லாத ஊரில் அந்த வித்தையை எங்கேதான் காட்டுவார், பாவம்.

ஏப்ரல் மாதத்தில் இந்தக் கடகட தொடங்கியது. எஞ்சின் ஓடும்போது அது எஞ்சின் சத்தத்தில் அமுங்கிவிடும். எஞ்சினை நிறுத்தி உருட்டினால்தான் கேட்கும். இறக்கம் முழுதும் கேட்கும். துரை கிள்ளானுக்கு வண்டியை எடுத்துப்போனார். அங்கே பட்டறை வைத்திருக்கும் சீனத் தவுக்கே வண்டியைத் தெருவில் முன்னும் பின்னும் உருட்டி, சக்கரத்தில் காதை வைத்து, "தாடா புஞி லா" என்று மலாயில் சொன்னார். சத்தமே இல்லையாம். உண்மையிலேயே இல்லை. துரை திரும்பி வந்தார், மறுநாள் மேட்டில் கடகட. மறுபடி கிள்ளான், மறுபடி "தாடா புஞி", மறுபடி கடகட. மூன்றாம் தரம் தவுக்கே துரையின் முகத்தையே சற்று நேரம் உற்றுப் பார்த்தாராம், வியாதி வண்டிக்கா ஆளுக்கா என்று பார்க்கிற பார்வை. அதன் பிறகுதான் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் தங்கள் பெயரைச் சொன்னது.

செவ்வாய்க்கிழமை துரை என்னை வண்டியின் பின்னால் சாமான் கட்டுகிற கம்பியில் உட்கார வைத்து மேட்டுக்கு ஏற்றிப்போனார். உச்சியில் எஞ்சினை நிறுத்தினார். "கேளு" என்றார். நான் இடது பக்கம் சாய்ந்து சங்கிலியைப் பார்த்தேன், வலது பக்கம் சாய்ந்து புகைக்குழாயைப் பார்த்தேன், பின் சக்கரத்தைக் குனிந்து பார்த்ததில் தொப்பி போய் ஆரக்கம்பியில் சிக்கிச் செத்தது. கடகட என்று என் மூக்குக்கு முன்னால் எங்கேயோ கேட்கிறது, எங்கே என்று தெரியவில்லை. நான்கு தரம் ஏறி இறங்கினோம். நான் பார்க்காத இடம் ஒன்றே ஒன்றுதான், துரை உட்கார்ந்திருந்த சீட்டின் அடிப்பாகம். அதைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன். துரையின் பின்புறத்துக்குக் கீழே தலையை நீட்டி எட்டிப் பார்க்கிற மரியாதைக்கேட்டைச் செய்ய என் கழுத்து திரும்பவே இல்லை. பாட்டன் தகப்பன் காலத்திலிருந்து பழக்கின கழுத்து.

நேற்றுப் பத்து மணிக்கு மர நிரை கணக்கெடுக்கப் பதினேழாம் நம்பர் காட்டுக்குப் போனேன். ஒரு மரத்தடியில் நின்று பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது பின்னால் கடகட கடகட. துரைதான் என்று நினைத்துப் பேப்பரைச் சட்டைக்குள் திணித்து, பொத்தானைப் போட்டு, "குட் மார்னிங் சார்" என்று நெஞ்சை நிமிர்த்தித் திரும்பினேன். எதிரே ஏணையில் ஆறு மாதக் குழந்தை ஒன்று மல்லாந்து கிடந்து, கையில் ஒரு சிகரெட்டு டின்னை வைத்து ஆட்டிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தது. துரைக்கு வைத்த வணக்கத்தை நான் அதற்கே விட்டுவிட்டேன். டின்னை வாங்கித் திறந்தேன். உள்ளே ஏழெட்டு ரப்பர் கொட்டைகள். காட்டில் உதிர்ந்து கிடக்குமே, வழவழவென்று, கல்லு மாதிரி, அதுதான். டின் துரை குடித்துவிட்டு எறிந்தது. குழந்தை தங்கமணியின் குழந்தை. தங்கமணி, ஆபீசைக் கூட்டித் துரையின் வண்டியைத் துடைக்கிற இராஜம்மாவின் மகள்.

அப்புறம் எனக்கு ஒவ்வொன்றாக விளங்கியது. வண்டி கிள்ளானுக்குப் போகிற நாளில் "நல்லா கழுவி வை" என்று முதல் நாளே உத்தரவு போகும். தாங்கள் வருகிற சேதியும் சனிக்கிழமையே தெரியும். கழுவுகிறவள் இராஜம்மா.

ஆபீசுக்கு வந்தேன். அவள் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சீட்டின் அடியில் கையை விட்டுப் பார்த்தேன். இரண்டு சுருள் வில்லுக்கும் நடுவே அதே மாதிரி ஒரு டின் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. சைக்கிள் டியூபை வளையமாக அறுத்து மாட்டியிருந்தாள். கழுவும்போது எடுப்பது ஒரு நொடி, வண்டி திரும்பினதும் வைப்பது ஒரு நொடி.

"இது உன் வேலையா?" என்றேன்.

"வண்டி துடைக்கிறதுதான் என் வேலை, கிராணி ஐயா."

"சீட்டுக்குக் கீழே வச்சிருக்கியே, யாராவது பார்த்தா?"

"தொர குனிஞ்சி பாக்க மாட்டாரு. குனியறதுக்குத்தான் நீங்கள்லாம் இருக்கீங்க. தொர உக்கார்ற எடத்துக்குக் கீழ எந்தக் கிராணி தலையை நீட்டுவாரு? அது தெரிஞ்சிதான் அங்க வச்சேன். மொதல்ல மட்கார்டுலதான் வச்சிப் பாத்தேன், சத்தம் பத்தல. அஞ்சு கொட்டை போட்டா மந்தமா இருந்திச்சி. பத்து போட்டா நெருக்கி ஊமையாப் போச்சு. ஏழுதான் சரி. மேட்டுல கிளம்பினா கீழ் நிரை வரைக்கும் கேக்கும். அதுக்குள்ள ஏணையை அவுத்துப் புள்ளையக் காஞ்ச வாய்க்கால்ல படுக்க வச்சிட்டு மரத்துக்கிட்ட வந்துரலாம். நடந்து பாத்துத்தான் வச்சேன்."

அத்தான், தாங்கள் பன்னிரண்டு வருஷமாக ரயில் எஞ்சின்களோடு வாழ்கிறவர். நான் சீனியர் கேம்பிரிட்ஜ் பாஸ் செய்தவன். துரை யுத்தத்தில் சண்டை போட்டவர். நாம் மூன்று பேரும் இரண்டு மாதமாகத் தேடின சத்தத்தை, தன் பெயரை எழுதத் தெரியாத ஒருத்தி இவ்வளவு என்று அளந்து, தூரம் பார்த்து, காற்று பார்த்துச் செய்து வைத்திருக்கிறாள். இவள் வேறொரு தேசத்தில் வேறொரு நிறத்தில் பிறந்திருந்தால் பெயருக்குப் பின்னால் நாலு எழுத்துப் போட்டுக்கொண்டு பங்களாவில் இருந்திருப்பாள். இங்கே வாளியும் கந்தலும் கொடுத்திருக்கிறோம். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, கைதட்ட வேண்டும் போல இருந்தது.

ஆனாலும் என் வேலை போகிறதே. "சனிக்கிழமைக்குள்ள சத்தம் போகலேன்னா என்னை அனுப்பிடுவாரு, இராஜம்மா" என்றேன்.

அவள் ஒன்றும் தயங்கவில்லை. டின்னைக் கழற்றி என் மேசைமேல் வைத்தாள். "எடுத்துட்டேன், ஐயா. நீங்க சம்பாரிச்சித்தான் ஊர்ல உங்கம்மா சாப்புடணும், எனக்குத் தெரியாதா. எம் மவளுக்குச் சீட்டு எழுதுறப்ப மட்டும் லெட்சுமிக்கு எழுதின பேனாவுல எழுதாதீங்க. அது ராசியில்லாத பேனா."

டின்னை எடுத்து நானே மறுபடியும் சீட்டுக்கு அடியில் மாட்டினேன். வளையத்தைத் தலைகீழாக மாட்டியதில் இரண்டு தரம் விழுந்தது. "இப்படித் திருப்பி மாட்டுங்க" என்று காட்டிக்கொடுத்தாள். "சரிங்க" என்றேன். வண்டி துடைக்கிறவளுக்கு 'ங்க' போட்டுப் பேசினது அப்புறம்தான் எனக்கே உறைத்தது. திருப்பி எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

ஆகையால் தங்களிடம் ஒரு விண்ணப்பம். சனிக்கிழமைக்கு முன்னால் என் கைக்குக் கிடைக்கும்படி இங்கிலீஷில் ஒரு கடுதாசி எழுதி அனுப்ப வேண்டும். வண்டியை முழுதும் பிரித்துச் சோதித்ததாகவும், இந்தச் சத்தம் இந்த ஜாதி மோட்டார் சைக்கிளுக்குப் பிறவிக் குணம் என்றும், இதைப் போக்க நினைத்தால் எஞ்சின் கெட்டுப் பாதி வழியில் நின்று துரைக்கே ஆபத்து உண்டாகும் என்றும், கீழே தங்கள் பெயரோடு ரயில்வே பிட்டர் என்றும் பெரிதாகப் போட வேண்டும். பொய்தான். இந்தத் தோட்டத்து ஆபீசில் நான் எழுதின நிஜங்களையெல்லாம்விட இது யோக்கியமான பொய். தாங்கள் தேவார பூஜை செய்கிறவர், மனம் ஒப்பாமல் போகலாம். அப்படியானால் அக்காளிடம் இந்தக் கடுதாசியைக் கொடுங்கள். பிள்ளை பெற்றவள், அவள் சொல்கிறபடி செய்யுங்கள்.

தாங்கள் எழுதாவிட்டாலும் அந்த டின்னை நான் எடுக்கப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை பெட்டியோடு தங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் வந்து நின்றால் அக்காளிடம் காரணம் கேட்க வேண்டாம் என்று சொல்லி வையுங்கள்.

தங்கள் வீட்டில் அடுப்பும் விளக்கும் அணையாமல், குழந்தைகள் நோய் நொடியில்லாமல், தாங்கள் பூட்டுகிற எஞ்சின்கள் எல்லாம் ஓடிக்கொண்டிருக்க மேருப் பிள்ளையார் துணை செய்வாராக. அக்காளுக்கு என் நமஸ்காரம்.

தங்கள் கீழ்ப்படிந்த மைத்துனன்,
சபாபதி

பி.கு. கடுதாசியை மடித்துத் தபாலுக்கு அனுப்ப இருந்த நேரத்தில் இன்றைக்கு, வெள்ளிக்கிழமை காலை, துரை என்னைக் கூப்பிட்டார். போகச் சொல்லப்போகிறார் என்று இந்தக் கடுதாசியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே போனேன். அவர் நல்ல குஷியில் இருந்தார். சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "சபாபதி, அந்தச் சத்தம் எடுக்காதே. நான் யோசனை பண்ணினேன். முன்னே நான் போனா பொம்பளே எல்லாம் உக்காந்து இருக்கு, பிள்ளை வச்சிக்கிட்டு இருக்கு. இந்தச் சத்தம் வந்த பிறகு, எப்போ போனாலும் மரத்துக்கிட்டே நிக்குது, நல்லா வேலை செய்யுது. ஒரு பிள்ளை இல்லே. இது நல்ல சத்தம். அசிஸ்டென்ட் சின்னதுரை வண்டிக்கும் இதே சத்தம் வேணும். உன் அத்தான் கெட்டிக்காரன். ஞாயிறு வந்து போடட்டும்."

ஆகவே மேலே கேட்ட கடுதாசியை எழுத வேண்டாம், நேரில் புறப்பட்டு வர வேண்டும். சத்தம் போடுவது எப்படி என்று தாங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. இராஜம்மாவிடம் சொன்னேன். "வரச் சொல்லுங்க, ஐயா. தொர பாக்குறப்ப அவரு ஸ்பேனரைப் பிடிச்சிக்கிட்டுச் சும்மா நின்னாப் போதும். மத்ததை நான் பாத்துக்குறேன்" என்கிறாள்.