மச்சினன் கார் ஏசியும் என் உளுந்தும்

உளுந்தஞ்செடி அடிக்கத் தார்ரோட்டை விட நல்ல களம் கிடையாது. அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்வேன். அதனால் ஒரு கார் என் கையை விட்டுப் போனது. போகட்டும்.

மச்சினன் இசக்கிமுத்து, என் மனைவியின் தம்பி, கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறான். புதுக் கார் வாங்கியதும் பழையதை எங்கள் வீட்டில் கொண்டுவந்து நிறுத்தினான். சித்திரையில் வருவேன், திருச்செந்தூருக்கு நீங்கள் ஓட்டிக் காட்டுங்கள், வண்டி நல்லபடியாக இருந்தால் மஞ்சள் போர்டு மாட்டி நீங்களே வாடகைக்கு ஓட்டிக்கொள்ளுங்கள் என்றான். என்னிடம் லைசென்ஸ் இருந்தது. வண்டிதான் இல்லை. (வயலில் குனிந்து குனிந்து முதுகும் இல்லை. அதை யாரிடமும் சொல்வதில்லை.)

அவன் வருவதற்கு முந்தின நாள், ரோட்டில் உளுந்தஞ்செடியைப் பரப்பியிருந்தேன். வண்டிகள் ஏறிப் போனால் நெற்று வெடித்து மணி உதிரும். எங்கள் பக்கம் எல்லோரும் செய்வதுதான். அன்றைக்குப் பார்த்து ஒரு வண்டியும் வரவில்லை. மேற்கே பாபநாசம் மலைமேல் மேகம் கறுத்தது. வீட்டில் கார் சும்மா நின்றது. எடுத்தேன். முன்னால், பின்னால், முன்னால், பின்னால். மழை விழுமுன் உளுந்து மூட்டைக்குள் போய்விட்டது. காரைத் துடைத்தேன். வெளியே மட்டும்.

மறுநாள் கிளம்பினோம். மச்சினன் என் பக்கத்தில். பின்னால் அவன் பெண்டாட்டியும் என் பெண்டாட்டியும். செய்துங்கநல்லூர் வருமுன்னே ஏசி அடுப்பு மாதிரி ஊதியது.

"கேஸ் எறங்கிட்டு" என்றேன். (ஏசி பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.)

இங்கே விடும்போதுதான் நிரப்பியதாகச் சொன்னான்.

மரத்தடியில் நிறுத்தி பானட்டைத் திறந்தேன். தெரிந்தவன் மாதிரி ஒரு குழாயைப் பிடித்தேன். சுட்டது. விட்டால் மரியாதை போய்விடும். பிடித்தபடியே நின்றேன். பிறகு உள்ளே டேஷ்போர்டுக்குப் பின்னால் இருந்த பில்டரை உருவி முழங்காலில் தட்டினேன். தூசி எல்லாம் மச்சினனின் வெள்ளைச் சட்டைக்குப் போனது. மாட்டினேன். காற்று சூடாகத்தான் வந்தது.

மச்சினன் பெண்டாட்டி காரின் முன்பக்கம் குனிந்து, கிரில்லுக்குள்ளிருந்து ஒரு காய்ந்த செடியை இழுத்தாள். நெற்றோடு வந்தது.

"அண்ணே, இது உளுந்துலா?"

எட்டிப் பார்த்தேன். ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கிற ஏசி வலை முழுக்க இலைத்தூள், சுவர் பூசிய மாதிரி. காற்று புக வழியில்லை.

"அத்தான், என் கார வச்சு உளுந்து அடிச்சியளா?"

"ஆமா. மழை வருது. பின்ன, நனைய விடச் சொல்லுதியா?"

"கேஸ் எறங்கிட்டுன்னு சொன்னிய?"

"அதுவும் எறங்கியிருக்கும்."

என் பெண்டாட்டி கீழே உட்கார்ந்து நெற்றுகளைப் பொறுக்கி முந்தானையில் முடிந்தாள்.

குடிக்க வைத்திருந்த தண்ணீரையெல்லாம் வலையில் ஊற்றிக் கழுவினேன். குரும்பூர் போகும்போது ஏசி நன்றாகக் குளிர்ந்தது. அதை யாரும் ஒரு வார்த்தை பாராட்டவில்லை.

ஊர் திரும்பியதும் சாவியைக் கேட்டான். கொடுத்தேன். கெஞ்சவில்லை. காரைக் கோயம்புத்தூருக்கே ஓட்டிப் போனான். டிக்கியில் ஒரு சிப்பம் உளுந்து ஏற்றிவிட்டேன். வேண்டாம் என்று அவனும் சொல்லவில்லை. அவர்கள் வீட்டில் இட்லி மெத்தென்று வந்தால் இன்றைக்கும் "ஏசி உளுந்து" என்கிறார்களாம்.

சித்திரையில் ஊருக்கு வந்தால் மச்சினன் தன் புதுக் காரைச் சேரன்மாதேவியிலேயே நிறுத்திவிட்டு மினிபஸ்ஸில் வருகிறான். வரட்டும். அவன் உட்கார்ந்திருக்கும் மினிபஸ்தான் என் உளுந்தை மிதித்துக்கொண்டு வருகிறது.